கோவில்பட்டியோடு மோதப்போகும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டக் கல்லூரிகளின் ஹாக்கி வீரர்களுக்கும், அவர்களைப் பழக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகள் நெருங்கிவிட்டன. அப்புறம் முதலமைச்சர் கோப்பை. அட்டவணை கைக்கு வந்ததும் நம் பிள்ளைகள் முதலில் தேடுவது கோவில்பட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான். எதிர்ப்பக்கம் என்றால் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. நம் பக்கம் என்றால், "இந்த வருஷமும் இவ்வளவுதான் மக்கா" என்று ஒருவன் சொல்வான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆட்டம் அங்கேயே பாதி போய்விடுகிறது. அதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

நான் ரசிகன். நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் கோவில்பட்டியிலும் மைதானத்து ஓரத்தில் நின்று பல ஆண்டுகளாக ஹாக்கி பார்த்துவருகிறேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்திலும் நம் வட்டாரத்தில் முதலிடத்துக்கு அதிக வாய்ப்பு கோவில்பட்டிப் பையன்களுக்குத்தான். முதலமைச்சர் கோப்பையில் தூத்துக்குடி மாவட்டம் என்ற பெயரில் வந்தாலும் அந்தச் சட்டைக்குள் அவர்கள்தான் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் அவர்கள் எதனால் ஜெயிக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் அதில் பாதியை நம்மால் தடுக்க முடியும். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் அந்த ஊரைப் பற்றி. கோவில்பட்டி கரிசல் பூமி. மழை குறைவு. ஐப்பசி, கார்த்திகையை விட்டால் வருடத்தில் பெரும்பாலான நாள் மைதானம் காய்ந்தே கிடக்கும்; பையன்கள் பள்ளி விட்டதும் ஸ்டிக்கோடு இறங்கிவிடலாம். நமக்கு அப்படியில்லை. தென்மேற்குப் பருவமும் நமக்குத்தான், வடகிழக்குப் பருவமும் நமக்குத்தான். ஜூனில் நனையத் தொடங்கும் மைதானம் டிசம்பர் வரை முழுதாகக் காய்வதில்லை. சேற்றில் ஹாக்கிப் பந்து உருளாது, கால்பந்து ஓடும். கடற்கரையிலோ மணல். தூத்தூர் தொடங்கி இரவிபுத்தன்துறை வரை ஊர் ஊராகக் கால்பந்து வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை போனது அந்தக் கரையிலிருந்துதான். ஆக, கோவில்பட்டிக்காரன் பிறவியிலேயே ஹாக்கிக்காரன், நாம் அப்படியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவனுக்கு மைதானத்தில் நிற்கக் கிடைத்த நாட்கள் அதிகம், அவ்வளவுதான்.

அந்த நாட்களை வீணாக்காமல் அவர்கள் மேலே கட்டினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளிகளில் விடாமல் ஆடினார்கள். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக நாட்டின் பெரிய அணிகளை ஊருக்கே வரவழைத்தார்கள். கிருஷ்ணா நகரில் டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரை வந்தது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி வந்தது. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் போட்டியே அங்கே நடந்தது. ஒரு பதினைந்து வயதுப் பையன் வீட்டிலிருந்து சைக்கிளில் போய், தேசிய அளவில் ஆடும் ஜூனியர்கள் பந்தை எப்படி நிறுத்துகிறார்கள் என்று வேலியோரம் நின்று பார்க்கலாம். இந்த வசதிக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் ஈடாகாது.

அதே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன்கள் இரண்டு பேர்: மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம். இரண்டு பேருமே கோவில்பட்டி விடுதியில் வளர்ந்தவர்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவை 5-0 என்று வென்றபோது முதல் கோல் அவருடையது. எழும்பூர் மைதானம் அன்று எழுப்பிய சத்தம் தொலைக்காட்சியிலேயே உடம்பைச் சிலிர்க்க வைத்தது. இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கார்த்தியின் சொந்த ஊர் கோவில்பட்டி அல்ல, அரியலூர். ஹாக்கிக்குப் பெயர்போகாத ஒரு மாவட்டத்துப் பையன், சரியான தரையும் சரியான பழக்கமும் கிடைத்ததும் இந்தியாவுக்கு ஆடினான். அரியலூருக்கு முடிந்தது அகஸ்தீஸ்வரத்துக்கும் கல்குளத்துக்கும் ஏன் முடியாது?

சரி, இந்தப் பருவத்துக்கு வருவோம்.

கல்லூரி அணியின் பெரிய பலவீனம் எங்கும் ஒன்றுதான்: ஒவ்வொரு ஆண்டும் இறுதியாண்டுக்காரர்கள் போய்விடுவார்கள். கோவில்பட்டிக்கு இந்த அடி கொஞ்சம் பலமாகவே விழும். அவர்களுடைய சிறந்த வீரர்களை ரயில்வே, வங்கி, காவல்துறை அணிகளும் சென்னைக் கல்லூரிகளும் அள்ளிக்கொண்டு போகின்றன. நடுக்களத்தில் இரண்டு ஆண்டு சேர்ந்து ஆடிய ஜோடி ஒரே நேரத்தில் பிரிந்தால் அந்த இடம் ஒரு மாதத்தில் நிரம்பாது. புதிதாக வருபவனுக்கும் கைத்திறமை இருக்கும். ஆனால் பக்கத்தில் இருப்பவன் எப்போது பந்தை விடுவான், எப்போது தானே ஓடுவான் என்பது ஆடி ஆடித்தான் புரியும். அதனால் பருவத்தின் முதல் வாரங்களில் அவர்கள் அணி இன்னும் இறுகாமல் இருக்கும். அவர்களைச் சீக்கிரம் சந்திப்பது நமக்கு நல்லது. இறுதி ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அட்டவணையைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் இதை யோசிக்க வேண்டும். இறுதி ஆட்டம் வருவதற்குள் அந்தப் பையன்கள் ஒரே அணியாகியிருப்பார்கள்.

இனி அவர்கள் பலம். முதல் பலம் பந்தை நிறுத்துவது. டர்ஃபில் வளர்ந்தவன் ஓடிக்கொண்டே பந்தை நிறுத்துவான். பந்து ஸ்டிக்கில் பட்ட கணமே அடுத்த பக்கம் திரும்பியிருப்பான். நம் பையன் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கி, யாரிடம் கொடுக்கலாம் என்று பார்ப்பதற்குள் இரண்டு பேர் மேலே விழுந்துவிடுவார்கள். நம் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நொடியில்தான் நடந்தன. மேடுபள்ளமான தரையில் பந்து எகிறும் என்ற பயத்தில் நாம் உடம்பைப் பின்னால் வைத்தே பந்தை வாங்கிப் பழகிவிட்டோம். டர்ஃபில் பந்து எகிறாது, வழுக்கிக்கொண்டு வரும். இடுப்பை இறக்கி, ஸ்டிக்கைத் தரையோடு வைத்து, பந்தை நோக்கிப் போய் வாங்க வேண்டும். இது ஒரே நாளில் வராது, ஆனால் ஒரு மாதத்தில் வரும்.

இரண்டாவது, அவர்கள் வலதுபக்கத்தால் வருவார்கள். ஹாக்கி ஸ்டிக்குக்கு ஒரு முகம்தான் என்பதால் எந்த அணிக்கும் அது வசதியான பக்கம். வலது ஓரத்தில் வேகமாக இறங்கி, கோல் கோட்டை ஒட்டி உள்ளே திரும்பி, நம் ஆட்களின் காலைப் பார்த்து பந்தைத் தள்ளுவார்கள். அங்கே அவர்கள் கோலை எதிர்பார்ப்பதே இல்லை, காலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டமான 'டி'க்குள் தடுப்பவன் காலில் பந்து பட்டால் ஷார்ட் கார்னர்: கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு, கோலைப் பார்த்து அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு.

அதுதான் மூன்றாவதும் பெரியதுமான பலம். அவர்கள் விடுதிப் பழக்கத்தில் ஷார்ட் கார்னர் ஒரு தனிப் பாடம். பந்தைத் தள்ளிவிடுபவன், 'டி'க்கு வெளியே நிறுத்துபவன், பந்தை ஸ்டிக்கோடு இழுத்து எறியும் டிராக் ஃபிளிக் அடிப்பவன் என்று மூவரும் திரும்பத் திரும்ப அதையே செய்வார்கள். நேராக அடித்தால் பந்து 46 சென்டிமீட்டர் உயரத்துக்குள் கோலுக்குப் போக வேண்டும். கோலின் பின்பலகை உயரம்தான் அது. டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, மேல்மூலைக்கே எறியலாம். நல்ல ஃபிளிக் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க நிற்க முடியும், மற்றவர்கள் நடுக்கோட்டில் இருந்து ஓடி வர வேண்டும். நம் அணிகள் சேர்த்துவைத்து வாங்கிய கோல்களை யோசித்துப் பாருங்கள். களத்தில் ஆடி நம்மை உடைத்தது கொஞ்சம்தான், ஷார்ட் கார்னரில் வாங்கியதுதான் மிச்சமெல்லாம்.

இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, கார்னரே கொடுக்காமல் இருப்பது. ஓரத்தில் இறங்கி வருபவனை 'டி'க்குள் வரவிட்டு டேக்கிள் செய்யக் கூடாது. 23 மீட்டர் கோட்டுக்கு வெளியிலேயே பக்கவாட்டுக் கோட்டை நோக்கி அவனை ஒதுக்க வேண்டும். அங்கே ஒரு ஃபவுல் போனாலும் வெறும் ஃப்ரீ ஹிட்தான். 'டி'க்குள் வந்துவிட்டானா, கால் இரண்டையும் சேர்த்து நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஸ்டிக்கைத் தரையில் போடுங்கள். அவசரப்பட்டு வேண்டுமென்றே பந்தைக் கோல் கோட்டுக்கு வெளியே தள்ளினால் அதற்கும் கார்னர்தான். இதை மறந்து போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வேலை, முதல் ரஷரைத் தயார் செய்வது. பந்து வெளியே தள்ளப்பட்டதும் ஃபிளிக் அடிப்பவனை நோக்கிப் பாய்ந்து அவன் கோணத்தை அடைப்பவன் அவன். இந்த வேலையின் அருமை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எல்லோருக்கும் தெரிந்தது. பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் நம் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு 40 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தது நம் நாடு. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் அன்று கோலுக்கு முன்னால் சுவராக நின்றார். ஆனால் அரையிறுதியில் ரோஹிதாஸுக்குத் தடை. இந்தியாவின் முதல் ரஷரே அவர்தான். அன்று ஜெர்மனிக்கு ஒரு கோல் ஷார்ட் கார்னரில் வந்தது. நாம் 2-3 என்று தோற்றோம். அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அப்படி ஒருவன் இல்லாமல் பெரிய ஆட்டத்துக்குப் போகக் கூடாது என்பது அன்று தெளிவாகத் தெரிந்தது.

அந்த ஆளை எங்கே தேடுவது? கல்லூரியின் கால்பந்து அணியில் தேடுங்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பையன்களுக்கு முதல் ஐந்து எட்டில் இருக்கும் வேகம் ஹாக்கிக்காரனுக்குக் கூட இல்லை. மணலில் ஓடிய கால் அது. ஸ்டிக் வேலை கொஞ்சம்தான் தேவை. நெஞ்சுரமும் நேரம் பார்த்துக் கிளம்புவதும்தான் முக்கியம். முகக்கவசம், கையுறை, முழங்கால் கவசம், அடிவயிற்றுக் கவசம் எல்லாம் கொடுத்துவிட்டு ஓடச் சொல்லுங்கள். கவசம் இல்லாமல் யாரையும் ஓட விடாதீர்கள், பயிற்சியில் கூட. கால்பந்து கோலிகளையும் (கோல்கீப்பர்களையும்) ஒருமுறை ஹாக்கி பேடு கட்டி நிற்க வைத்துப் பாருங்கள். ஆச்சரியப்படுவீர்கள்.

இனி அவர்கள் எங்கே மெலிவு என்பதைச் சொல்கிறேன். கோவில்பட்டி அணி முதல் இரண்டு குவார்ட்டரில் கோல் அடித்துப் பழகிய அணி. பாதி ஆட்டம் வரை கோல் விழவில்லை என்றால் பொறுமை போய்விடும். ஃபுல்பேக் இரண்டு பேரும் நடுக்கோட்டைத் தாண்டி மேலே ஏறி நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் கோலி வரை வெறும் தரை. அந்த நேரத்தில் நீங்கள் எல்லோரும் உங்கள் 'டி'யைச் சுற்றிக் கூடி நின்றால் பந்தை அடித்து வெளியேற்றுவீர்கள், அது மறுபடி உங்களிடமே வரும். ஒரே ஒருவனை நடுக்கோட்டில் நிறுத்துங்கள். பந்தைத் தூக்கித் தூரமாகப் போடும் நல்ல ஸ்கூப் தெரிந்த ஒரு ஃபுல்பேக் இருந்தால் போதும். இரண்டே தொடுகையில் அவர்கள் கோலி முன்னால் நிற்கலாம். நம் பையன்கள் சேற்றில் ஆடிப் பழகியதால் பந்தைத் தூக்கிப் போடும் கை அவர்களுக்கு நன்றாகவே இருக்கிறது. கோவில்பட்டிக்காரர்கள் தரையோடு பந்தை விளையாடியே வளர்ந்தவர்கள், வானத்துப் பந்து அவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம்.

பொறுமை போனால் நடுவரோடு வாக்குவாதமும் வரும். பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம் வெளியே, மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம். அறுபது நிமிட ஆட்டத்தில் ஐந்து நிமிடம் பத்துப் பேரோடு ஆடுவது சிறிய விஷயம் இல்லை. அவர்கள் வாங்கும்போது அந்த நிமிடங்களில் அகலமாகப் பரவி ஆடுங்கள். நீங்கள் வாங்காதீர்கள். அவர்களைச் சீண்டி வாங்க வைக்கவும் வேண்டாம், அந்த வேலை நம் பிள்ளைகளுக்குப் பெருமை இல்லை.

டர்ஃபைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது. 1975-இல் கோலாலம்பூரில் புல்தரையில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா உலகக் கோப்பையை வாங்கியது. மறுவருடம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை. அதே இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியது. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கிய நாடு வெறுங்கையோடு திரும்பியது. ஒரே வருடத்தில் கைத்திறமை எங்கேயும் போய்விடவில்லை, காலுக்குக் கீழே தரை மாறிவிட்டது. புல்லிலும் மண்ணிலும் பழகிவிட்டு நேராக டர்ஃபில் போய் இறங்கும் நம் அணிகளுக்கு ஒவ்வொரு பருவமும் இதுதான் நடக்கிறது. முதல் குவார்ட்டர் முழுக்கத் தரையைப் புரிந்துகொள்ளவே போகிறது. ஸ்கோர் பலகையைப் பார்த்தால் அதற்குள் 0-2.

ஆகையால் உடற்கல்வி இயக்குநர்களிடம் என் முதல் வேண்டுகோள்: போட்டிக்கு முன்பே பிள்ளைகளைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே போய் அவர்களோடே நட்பு ஆட்டம் ஆடுங்கள். எதிராளிக்கு நம் ஆட்டத்தைக் காட்டிக்கொடுப்பதா என்று தயங்குவீர்கள். அவர்கள் நம் ஆட்டத்தைக் கண்டு பயப்படும் நிலையில் இப்போது இல்லை. காட்டுவதால் நாம் இழப்பது மிகக் குறைவு, பெறுவது மிக அதிகம். அவர்களும் நல்ல மனிதர்கள். ஹாக்கி ஆட ஆள் வருகிறது என்றால் அந்த ஊர் கதவைத் திறந்து வைக்கும். நாகர்கோவிலில் காலை ரயில் ஏறினால் ஆரல்வாய்மொழி, திருநெல்வேலி தாண்டி இரண்டரை மணி நேரத்துக்குள் கோவில்பட்டி. ஒரு சனி, ஞாயிறு போதும். முடிந்தால் இன்னொரு வாரம் மதுரைக்கும் போய் வாருங்கள். 2025 ஜூனியர் உலகக் கோப்பைக்காக அங்கே அமைத்த தரை நம் பிள்ளைகளின் காலும் படவேண்டிய தரைதான்.

அந்த உலகக் கோப்பையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில்தான் ஜெர்மனி கோப்பையை வாங்கியது. ஷூட்-அவுட் என்றால் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்பி எட்டு நொடிக்குள் கோல் அடிக்க வேண்டும். கோவில்பட்டியைச் சமன் வரை இழுத்துவிட்டு இதில் கோட்டைவிட்டால் அதைப் போல வேதனை இல்லை. தினமும் பயிற்சி முடிந்ததும் ஐந்து பேர், ஐந்து முறை. களைத்த காலோடு செய்யும்போதுதான் அது பழகும். யார் ஐந்து பேர் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள், ஆட்டம் முடிந்த பிறகு வட்டமாக நின்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் கால்பந்து பூட்ஸோடு டர்ஃபில் இறங்கி வழுக்கி விழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. டர்ஃப் ஷூ வாங்கிக் கொடுங்கள். கோலிக்கு முழு கிட் கொடுங்கள். நாலு தலைமுறை கட்டிக் கிழிந்த பேடைக் கட்டிக்கொண்டு டிராக் ஃபிளிக் முன்னால் நிற்கச் சொல்வது நியாயமில்லை. பயிற்சி ஆட்டத்துக்குப் போகும் நாட்களுக்கு வருகைப் பதிவில் ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுங்கள். பாடத்தில் பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தோடு ஒரு பையன் மைதானத்தில் நிற்கக் கூடாது. பெண்கள் அணிக்கும் இதெல்லாம் அதே அளவில் சேர வேண்டும். தங்கச்சிமார் ஆடும் ஆட்டத்துக்கு வேடிக்கை பார்க்கக்கூட ஆள் வராத நிலையை முதலில் நாங்கள், ரசிகர்கள், மாற்றுகிறோம்.

தம்பிமாரே, கடைசியாக அட்டவணை பற்றி. அது வந்ததும் கோவில்பட்டி உங்கள் பக்கம் இருந்தால் அன்று மாலையே கூடிப் பேசுங்கள்: முதல் ரஷர் யார், நடுக்கோட்டில் நிற்பவன் யார், வலது ஓரத்தை யார் பார்ப்பது, ஷூட்-அவுட் ஐவர் யார். பேசி முடித்ததும் ஆட்டத் தேதியை எங்களுக்கும் சொல்லுங்கள். வடசேரியிலிருந்து ஒரு வேன் பிடித்து வருகிறோம். வேன் செலவு எங்களுடையது. நட்பு ஆட்டத்துக்கான ரயில் கட்டணத்தில் குறை விழுந்தால் அதையும் பேசிக்கொள்ளலாம், தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு ஹாக்கி ரசிகன்
வடசேரி, நாகர்கோவில்